பலகையில் ஒட்டிய வருடம்

வணக்கம் அண்ணே,

சிங்கப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு தியேட்டர் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம், மேல்மாடியில் மறுபடியும் தியேட்டர் வரும் என்று. சரி, நல்லதுதானே என்று நினைத்தோம். இன்றுவரை இடிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. சுற்றியிருக்கும் தகரத் தடுப்புக்கு மட்டும் இரண்டு முறை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த கோப்பிக்கடையும் போய்விட்டது.

அப்பாவுக்கு 76 வயது. காலையில் நடக்கப் போகும்போது தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வருவார். "இன்னிக்கும் ஒண்ணும் நடக்கல" என்று அம்மாவிடம் சொல்வார். வீட்டில் அது வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிட்டது.

அந்தத் தியேட்டரை மரபுக் கட்டடமாக அறிவித்துக் காப்பாற்றியிருக்க முடியாதா? ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் படம் ஓடிய இடம் என்பதால்தான் யாரும் கண்டுகொள்ளவில்லையா? நாமும் குரல் கொடுக்காமல் விட்டோமே என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது.

ம.

*

அன்புள்ள ம.,

அந்த இடுக்கு எனக்குத் தெரியும். உங்கள் வட்டாரத்து இடுக்கு இல்லை, வேறொன்று. நான் வளர்ந்த இடத்திலும் இப்படி ஒரு தியேட்டரை மூடி, தகரம் அடித்து, வாசலில் கட்டுமான விவரப் பலகை வைத்தார்கள். திட்டத்தின் பெயர், உரிமையாளர், கட்டடக் கலைஞர், கடைசி வரியில் வேலை முடியும் வருடம். இரண்டு வருடம் கழித்து அந்த வருடத்தின் கடைசி எண் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் வந்தது. அப்புறம் அதன் மேல் இன்னொன்று. மழை நாளில் ஸ்டிக்கர் நனைந்து பலகையோடு ஒட்டிக்கொள்ளும், அடியில் இருக்கும் பழைய எண்களும் தெரியும். ஒரே கட்டத்தில் மூன்று வருடம். பேருந்துக்காக நிற்கும்போது நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மரபுக் கட்டடம் என்ற வழியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கேபிடல் தியேட்டரைப் பாருங்கள். 1930-ல் திறந்தது, 1998 கடைசியில் மூடியது, மறுபடி திறந்தது 2015-ல். நடுவில் 16 வருடத்துக்கு மேல் போனது. நன்றாகத்தான் காப்பாற்றியிருக்கிறார்கள். கூரையில் ராசிச் சக்கரம் அப்படியே இருக்கிறது, மேடைக்கு இரண்டு பக்கமும் சிறகு வைத்த குதிரை மேல் பெண் உட்கார்ந்திருக்கும் சிற்பங்களும் இருக்கின்றன. ஆனால் இப்போது நாற்காலிகள் சுழன்று தரைக்கடியில் போய்விடும், அரங்கம் விருந்து மண்டபமாகிவிடும். அதையொட்டிய ஹோட்டல், பங்காளிகளின் தகராறில் இழுபட்டு 2018-ல்தான் திறந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அரைக்கால் சட்டையும் செருப்புமாக அங்கே யார் படம் பார்க்கப் போவார்?

கேத்தே தியேட்டரும் அப்படித்தான். 1939-ல் கட்டியது. முகப்பை 2003-ல் தேசிய நினைவுச்சின்னமாக்கினார்கள், பின்னால் புதுக் கட்டடம் 2006-ல் வந்தது. 2022-ல் கேத்தே நிறுவனம் தன் திரைகளை அங்கே மூடியது. 2025 செப்டம்பரில் மிச்சமிருந்த கேத்தே தியேட்டர்களும் போயின. முகப்பு மட்டும் இன்னும் ஹாண்டி ரோட்டில் நிற்கிறது.

நம் வட்டார தியேட்டர்களில் காப்பாற்ற முகப்பு என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். சிமென்ட் பெட்டி. எங்கள் தியேட்டரைச் சொல்கிறேன். சீட்டு விற்கும் அம்மா முன்னால் இருக்கைகளின் படம் போட்ட ஒரு தாள் இருக்கும். நாம் விரலால் காட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பார். அதே பென்சிலால் மெல்லிய காகிதச் சீட்டில் எண் எழுதித் தருவார். அவர் சீனர், அப்பாவுக்குத் தெரிந்த சீனம் பத்துச் சொல்கூட இருக்காது. ஆனால் அப்பா கையை நீட்டும் முன்பே ஓரத்து மூன்று இருக்கைகளில் கோடு கிழித்துவிடுவார். என் தம்பி படத்தின் நடுவில் எழுந்து கழிவறைக்கு ஓடுவான் என்பது அவருக்குத் தெரியும்.

வாசலில் காச்சாங் பூத்தே, அதாவது கடலைத் தீனி, விற்றவர் நம்மவர். பிள்ளைகள் எழுதி முடித்த பயிற்சிப் புத்தகத் தாளைக் கூம்பாகச் சுற்றி, கொண்டைக்கடலையோ பட்டாணியோ முறுக்கோ கேட்டதைப் போட்டுத் தருவார். ஒருமுறை தின்று முடித்துப் பிரித்துப் பார்த்தேன், யாரோ ஒரு பையன் போட்ட பெருக்கல் கணக்கு. அதன் மேல் ஆசிரியர் போட்ட பெரிய பெருக்கல் குறி. படம் என்ன என்று நினைவில்லை, அந்தக் கணக்கு நினைவிருக்கிறது.

ஆனால் ஒன்றை நான் மறைக்கக் கூடாது. எண்பதுகளில் எங்கள் வீட்டுக்கு வீடியோ வந்தது. சிராங்கூன் ரோட்டில் கேசட் வாடகைக்கு எடுத்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை சோறு தின்ற கையோடு பாயில் படுத்துக்கொண்டே படம். சீட்டு விற்ற அம்மாவை நாங்கள்தான் முதலில் விட்டோம், நிலக்காரர் அப்புறம்தான் வந்தார். 1992-ல் ஈசூனில் ஒரே கூரைக்கடியில் பத்துத் திரை வந்தபோது ஒற்றைத் திரைக் கொட்டகைகளின் கதை பெரும்பாலும் முடிந்திருந்தது. குவீன்ஸ்டவுன் மார்கரெட் டிரைவில் வீனஸும் கோல்டன் சிட்டியும் தேவாலயங்களாயின. அங் மோ கியோவில் ஜூபிலியும் பிராட்வேயும் கடைத்தொகுதிகளின் பெயர்ப்பலகையில் மட்டும் மிஞ்சின. இதில் சீனப் படம் ஓடியது, மலாய்ப் படம் ஓடியது, தமிழ்ப் படம் ஓடியது என்று வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த உறுத்தலை நீங்கள் விட்டுவிடலாம்.

அப்படியானால் எனக்குக் கோபமே இல்லையா? இருக்கிறது, வேறொன்றின் மேல். மூடுவதற்கும் இடிப்பதற்கும் நடுவில் கிடக்கும் வருடங்கள் மேல்.

குவீன்ஸ்டவுன் சினிமா அண்ட் பௌலிங் சென்டர் என்று ஒன்று இருந்தது. 1977-ல் திறந்தார்கள். ஒரே கட்டடத்தில் பந்தும் உருளும், படமும் ஓடும். 1999-ல் மூடினார்கள். இடித்தது 2013-ல். 14 வருடம் ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அந்த வட்டாரத்தில் 1999-ல் பிறந்த பிள்ளை, அந்தக் கட்டடத்தில் ஒரு படம்கூடப் பார்க்காமல் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டது.

இது ஏன் நடக்கிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், ஏதோ சதி இருக்கும் என்ற குரலில். சதியெல்லாம் வேண்டாம், கணக்கே போதும். வட்டி ஏறும், கட்டுமானச் செலவு ஏறும், பங்காளிகளுக்குள் ஒத்துவராது, வாடகைச் சந்தை விழும். காத்திருப்பவருக்குக் காத்திருப்பதுதான் லாபமாகத் தெரியும். வீடு கட்ட நிலம் வாங்கும் நிறுவனத்துக்கு இங்கே ஒரு கடிகாரம் இருக்கிறது. பொதுவாக ஐந்து வருடத்துக்குள் கட்டி, எல்லா வீடுகளையும் விற்று முடிக்காவிட்டால் கூடுதல் முத்திரை வரி கழுத்தைப் பிடிக்கும். அதனால்தான் கூட்டு விற்பனையில் போகும் பழைய அடுக்குமாடிகள் மளமளவென்று இடிபடுகின்றன. தியேட்டர் மாதிரி வணிகக் கட்டடத்துக்கு அந்த முத்திரை வரிக் கடிகாரம் கிடையாது. போதாததற்கு, 2013 முடியும்வரை கட்டடம் காலியாகக் கிடந்தால் சொத்து வரியைத் திருப்பிக் கேட்கவும் வழி இருந்தது. 2014-லிருந்து அதை எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன், ஆனாலும் தடுப்பு வைத்துவிட்டுக் காத்திருப்பது இன்னும் மலிவுதான்.

சரி, நடுவில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். செய்து காட்டியிருக்கிறார்கள். பீச் ரோட்டில் கோல்டன் மைல் டவர் இருக்கிறதே, அதில் 1973-ல் கோல்டன் தியேட்டர் திறந்தது, அந்தக் காலத்தில் பிரம்மாண்டம். பிற்பாடு மங்கிப்போனது. 2014-ல் சிலர் சேர்ந்து அதன் அரங்குகளைப் பழைய நாற்காலிகளோடு அப்படியே துடைத்து எடுத்து, தி புரொஜெக்டர் என்று நடத்தினார்கள். அதே கட்டடத்தில் இன்னொரு அரங்கில் தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மின்தூக்கியில் தாடி வைத்த கலைப்பட ரசிகரும் முதல் நாள் முதல் காட்சிக்குப் போகும் நம் பிள்ளைகளும் ஒன்றாக ஏறுவார்கள், யார் எந்த மாடியில் இறங்குவார் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். (ஒருமுறை நான் தப்பாகச் சொன்னேன். தாடிக்காரர் நம்மோடு இறங்கினார், விசிலும் அடித்தார்.) 2025 ஆகஸ்டில் புரொஜெக்டர் மூடியது, செலவு கட்டுப்படியாகவில்லை. ஆனால் 11 வருடம் ஓடியது. அந்தப் பதினோரு வருடம் தகரம் அடித்துக் கிடந்திருந்தால் யாருக்கு என்ன லாபம்?

பீஸ் சென்டர் என்ற பழைய கடைத்தொகுதியை 65 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு விற்ற பிறகும், இடிப்பதற்கு முன்னால் 2023-ல் சில மாதம் ஓவியர்களுக்கும் பாட்டுக்காரர்களுக்கும் திறந்துவிட்டார்கள். சுவரெல்லாம் படம் வரைந்தார்கள், எப்படியும் இடிபடப்போகிற சுவர்தானே. நானும் போனேன். கூட்டம் நெரிந்தது. உண்மையில் அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

நம் ஆட்களுக்குத் தெரிந்த உதாரணம் ரெக்ஸ். மெக்கன்சி ரோட்டில் 1946-லிருந்து இருந்த தியேட்டர், எண்பதுகளில் மூடி, வேறு வேறு வேலைக்குப் பயன்பட்டு, 2009-ல் தமிழ்ப் படங்களோடு திரும்பி வந்தது. அவ்வளவு வருட இடைவெளிக்குப் பிறகும் எப்படிக் கூட்டம் வந்தது? நான் யோசித்துப் பார்த்ததில் கிடைத்த பதில் இதுதான். ரெக்ஸ் தூங்கியபோதும் அதைச் சுற்றியிருக்கும் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா, தூங்கவில்லை. கறி வாங்க, பூ வாங்க, ஊருக்குப் பணம் அனுப்ப, ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் அந்தப் பக்கம் வந்துகொண்டேதான் இருந்தார்கள். கட்டுமான வேலைக்கு வந்த தம்பிமார் பின் வரிசையில் உட்கார்ந்து அடித்த விசிலை நான் கேட்டிருக்கிறேன். தியேட்டர் போயிருந்தாலும் அந்தப் பக்கம் நடக்கும் கால்கள் போகவில்லை.

உங்கள் வட்டாரத்தில் நான் பயப்படுவது அதைத்தான். கோப்பிக்கடையும் போய்விட்டது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அந்த வரிதான் உறுத்தியது. ஏழு வருடத்தில் ஆட்கள் வேறு வழியாக நடக்கப் பழகிவிட்டிருப்பார்கள். நாளைக்கே மேல்மாடியில் ஐந்து திரையோடு புதுத் தியேட்டர் வந்தாலும், அதற்குப் போகும் வழி உங்கள் அப்பா ஒருவருக்குத்தான் நினைவிருக்கும்.

அதனால் குரல் கொடுப்பதென்றால், 'காப்பாற்றுங்கள்' என்று கேட்காதீர்கள். அதற்கு மரியாதையாக ஒரு பதில் தயாராக இருக்கும். இடிக்கும் நாள்வரை கீழ்த்தளத்தையாவது திறந்துவிடுங்கள் என்று கேளுங்கள். மேசைப்பந்து ஆடட்டும், வார இறுதியில் பழைய நாற்காலியில் பத்துப் பேர் உட்கார்ந்து ஏதோ ஒன்றைப் பார்க்கட்டும், ஒரு கோப்பிக்கடைக்காரர் குறைந்த வாடகைக்கு அடுப்பு வைக்கட்டும். தீயணைப்பு விதி, காப்பீடு என்று சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. பீஸ் சென்டரிலும் அதே விதிகள்தானே இருந்தன என்று கேட்கலாம். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏழு வருடம் தினமும் தளத்தைப் பார்வையிட்டவர் வேறு யார் இருக்கிறார், அந்த நிறுவனத்தில்கூட இருக்க மாட்டார்.

அப்புறம், அவரிடம் ஒரு வேலை சொல்லுங்கள். இடுக்கில் பார்த்தது போதும், வாசல் பலகையின் கடைசி வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். வருடத்தின் மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா, இருந்தால் எத்தனை. மழை பெய்து விட்ட கையோடு போனால் நன்றாகத் தெரியும். எண்ணி எனக்கு எழுதுங்கள்.