திரைக்குப் பின்னால் தூசு: கணினி கேள்வி–பதில்

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பிய 2015ஆம் ஆண்டு 27 அங்குல ஐமாக் (திரையோடு சேர்ந்த அப்பிள் கணினி) பாவிக்கிறேன். திரையின் கீழ் மூலைகள் இரண்டிலும் புகை பிடித்தாற்போல ஒரு சாம்பல் நிறம். எவ்வளவு துடைத்தும் போகவில்லை. நகரத்தில் ஒரு கடையில் "ஸ்கிரீன் மாத்த வேணும்" என்கிறார்கள். உண்மையில் தூசுதானா? கழற்றித் துடைக்க முடியாதா?
— ஆசிரியை, கோப்பாய்

பதில்: பெரும்பாலும் தூசுதான். ஆனால் அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்த்த பிறகே கடைக்காரருக்குப் பதில் சொல்லுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, திரை முழுவதும் வெறும் வெள்ளையாக வரும்படி ஒரு படத்தைத் திறவுங்கள். நிழல் எங்கே, எவ்வளவு என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியை நிறுத்தி, ரோர்ச் லைற்றைத் திரைக்குச் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். நிறுத்திய பிறகும் துகள்கள் தெரிந்தால் அவை கண்ணாடியின் மேலோ, கண்ணாடிக்கும் எல்சிடிக்கும் (படத்தைக் காட்டும் அடுக்கு) நடுவிலோ இருக்கின்றன. நிறுத்தியதும் மறைந்துவிட்டு, வெள்ளை வெளிச்சத்தில் மட்டும் ஓரம் மங்கிய நிழலாகத் தெரிந்தால் எல்சிடிக்கும் பின்னால், பின்னொளித் தாள்களில் இருக்கிறது. ஓரம் கூராக, பூதக்கண்ணாடியில் சின்னச் சதுரமாகத் தெரியும் ஒற்றைப் புள்ளி தூசு அல்ல, செத்த பிக்சல். அதைத் துடைத்துப் பயனில்லை.

உங்களுடையது இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். ஏனென்றால் 2012 கடைசியில் வந்த மெல்லிய ஐமாக்கிலிருந்து கண்ணாடியையும் எல்சிடியையும் ஒன்றாக ஒட்டியே செய்கிறார்கள். அவற்றுக்கு நடுவே தூசு நுழைய இடமே கிடையாது. எல்சிடிக்குப் பின்னால்தான் ஒளியைத் திருப்பும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள்கள், ஒளியைப் பரப்பும் தாள், தடித்த அக்ரிலிக் பலகை, கடைசியில் வெள்ளைப் பிரதிபலிப்புத் தாள் என்று வரிசையாக வருகின்றன. இந்த அடுக்குகளின் ஓரம் காற்றுப் புகாதபடி மூடப்பட்டதல்ல. கீழ் விளிம்புத் துளைகளால் உறிஞ்சிய காற்றை விசிறி பின்பக்கம், தாங்கிக்குப் பின்னால் வெளியே தள்ளுகிறது. உறிஞ்சும் வழியில் தூசு வடிகட்டி இல்லை. உள்ளே சுற்றும் காற்றில் இருக்கும் நுண்ணிய தூசு அந்த ஓர இடைவெளியால் தாள்களுக்குள் போய்ப் படிகிறது. அதனால்தான் நடுவில் ஒன்றுமில்லாமல் மூலைகளிலும் விளிம்பிலும் தொடங்குகிறது.

கழற்றலாம். ஆனால் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். ஓரங்களில் ஒட்டுப் பட்டையால் பிடித்திருக்கும் திரையைப் பெட்டியிலிருந்து எடுப்பது ஒன்று. எடுத்த திரையைப் பிரித்துத் தாள்களைத் துடைப்பது இன்னொன்று. முதலாவதைப் பொறுமையுள்ள எவரும் செய்யலாம். இரண்டாவதைப் பழக்கமில்லாதவர் செய்தால் பழைய நிழல் போய்ப் புதிதாகப் பத்துப் புள்ளிகள் வரும்.

முதல் வேலைக்குத் தேவையானவை: பிளாஸ்ரிக் வெட்டுச் சக்கரம், பழைய வங்கி அட்டைகள் இரண்டு, உங்கள் மொடலுக்கென்று வெட்டிய புதிய ஒட்டுப் பட்டைத் தொகுதி, 90 வீதத்துக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் அல்ககோல். பட்டைகளைக் கைக்கு எடுக்காமல் திரையில் கை வைக்க வேண்டாம். ஒருமுறை வெட்டிய பழைய பட்டை மறுபடி பிடிக்காது. வெறும் இரட்டைப் பக்க ரேப்பால் ஒட்டிக் கொடுத்த திரை நம் ஊர்ச் சூட்டில் ஒருநாள் முன்னால் சாய்ந்து விழும்.

மின் வயரைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, குறைந்தது அரை மணித்தியாலம் விடுங்கள். பட்டன் இருக்கும் இடது பக்கத்திலிருந்து சக்கரத்தை உருட்டி மேலே ஏறி, மேல் விளிம்பு வழியாக வலது பக்கம் இறங்குங்கள். மேல் நடுவில் கமரா இருக்கிறது, அங்கே ஆழமாகப் போக வேண்டாம். அட்டையை 9 மில்லிமீற்றருக்கு மேல் எங்கும் நுழைக்காதீர்கள். மேல்பக்கம் விடுபட்டதும் இழுத்துவிடக் கூடாது. திரைக்கு மின் வயர் ஒன்று, படத்துக்கான வயர் ஒன்று உள்ளே மாட்டியிருக்கின்றன, 20 சென்ரிமீற்றருக்கு மேல் திறந்தால் சொக்கற்றோடு பிய்ந்துவிடும். இரண்டையும் கழற்றிய பிறகு, கீழ் விளிம்பில் மிஞ்சியிருக்கும் பட்டையை இழுத்து எடுத்தால் திரை கைக்கு வரும். உள்ளே தெரியும் பவர் சப்ளைப் பலகைக்கு மூடி இல்லை. அதிலுள்ள பெரிய கப்பாசிற்றர்கள் வயரைக் கழற்றிய பின்னும் உயர் மின்னழுத்தத்தை வைத்திருக்கும். அந்தப் பக்கம் விரலோ ஸ்குறூ டிறைவரோ போகக் கூடாது.

திறந்ததோடு விசிறியையும் வெப்பத் தகடுகளையும் சுத்தம் செய்யுங்கள். இது நிழலைப் போக்காது, ஆனால் மேலும் வருவதைக் குறைக்கும். மூடும்போது புதிய பட்டைகளை உடனே ஒட்டாமல், வயர்களை மாட்டி, திரையை மாஸ்கிங் ரேப்பால் நான்கு இடத்தில் பிடிக்கவைத்து, கணினியைப் போட்டு வெள்ளைப் படத்தைப் பாருங்கள். சரியென்றால் மட்டும் ஒட்டுங்கள்.

தாள்களைப் பிரித்துத் துடைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், தாள்களின் வரிசையையும் எது மேல்பக்கம் என்பதையும் எப்படிக் குறித்து வைப்பார் என்று கேளுங்கள். ஒரு தாள் தலைகீழானால் திரை முழுவதும் வெளிச்சம் மாறிவிடும். ஒளி திருப்பும் தாளைத் துணியால் தேய்த்தால் கீறல் நிரந்தரம். கடைக்காரர் திரையை மாற்றச் சொல்வதில் பொய் இல்லை. கண்ணாடி, எல்சிடி, பின்னொளி எல்லாம் ஒரே பாகமாகத்தான் விற்பனைக்கு வருகிறது, அந்த 5கே திரை விலையும் கூட. நிழல் பெருவிரல் அகலத்துக்குள் இருந்தால் காசைச் செலவழிக்காதீர்கள். படம், வீடியோ வேலை செய்யாதவருக்கு அது இடைஞ்சல் அல்ல.

கேள்வி: எங்களிடம் இருப்பது 2010 ஐமாக். கண்ணாடிக்குள் தூசும், யாரோ விரல் வைத்த அடையாளமும் தெரிகிறது. இதற்கும் ஒட்டை வெட்ட வேண்டுமா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: இல்லை, நீங்கள் தப்பினீர்கள். 2009 முதல் 2011 வரை வந்த 21.5, 27 அங்குல ஐமாக்குகளில் முன் கண்ணாடியைக் காந்தந்தான் பிடித்திருக்கிறது. மேல் மூலைகள் இரண்டில் உறிஞ்சு கோப்பைகளைப் பதித்து, நேரே உங்கள் பக்கம் இழுத்தால் கழன்றுவிடும். கண்ணாடியின் ஓரத்தில் சிறிய இரும்பு முனைகள் உண்டு. அவை குழியிலிருந்து முழுதாக வெளியே வரும்வரை பக்கவாட்டில் நகர்த்த வேண்டாம். கண்ணாடியைத் துடைக்க மட்டும் என்றால் எல்சிடியைப் பிடித்திருக்கும் ரி10 ஸ்குறூக்களைத் தொடத் தேவையே இல்லை.

கழற்றுவது இலேசு, தூசில்லாமல் திரும்பப் போடுவதுதான் வில்லங்கம். உலர்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடியில் நிலைமின் ஏறி, அறையிலுள்ள தூசையெல்லாம் இழுக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இந்த வேலையை வைக்காதீர்கள். மழை விட்ட ஒரு நாளில், மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் விட்டுத் தொடங்குங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விடும். வாகன பற்றரிக்கு விடும் வடித்த நீர் போதும். மைக்ரோபைபர் துணியை அதில் நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். எல்சிடியின் முகத்தை அழுத்த வேண்டாம், கைப்பம்பால் ஊதினால் போதும். கடைசியில் துடைப்பது கண்ணாடியின் உட்பக்கமாக இருக்கட்டும், துடைத்த கையோடு மாட்டிவிடுங்கள்.

கேள்வி: கே.கே.எஸ். வீதியோரம் போட்டோக்கொப்பி கடை வைத்திருக்கிறேன். திரையோடு சேர்ந்த விண்டோஸ் கணினி ஒன்று. மத்தியானத்துக்குப் பிறகு விசிறி இரைகிறது, வேலை இழுபடுகிறது. ரயர் கடையில் கொண்டுபோய்க் காற்றடித்தால் சரியாகுமா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: ரயர் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். கொம்பிரசர் தொட்டியில் தண்ணீரும் எண்ணெயும் நிற்கும், காற்றோடு அதுவும் உள்ளே பாயும். அழுத்தமும் கூட. விசிறி இதழ் கண்டபடி சுழன்று பெயரிங் போய்விடும். மோட்டார் தானே மின்சாரம் பிறப்பித்து மின்சுற்றுப் பலகைக்குத் திருப்பி அனுப்பவும் கூடும். வெளியிலிருந்து ஊதினால் இன்னொரு கெடுதியும் உண்டு: அடைப்பாக இருக்கும் தூசு வெளியே வராது, உள்ளே சிதறித் திரைப் பக்கம் போகும்.

அடைப்பு எங்கே என்று தெரிந்தால் வேலை சின்னது. கடையில் தாள் துகள், ரோனர் பொடி, வீதிப் புழுதி மூன்றும் சேர்ந்து விசிறியின் வாய்க்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துணி மாதிரி ஒரு தட்டாகப் படிகிறது. விசிறியின் மேல்பக்கம் பளிச்சென்று இருக்கும், அதனால் திறந்து பார்த்தவர்களும் "சுத்தமாகத்தான் இருக்குது" என்று மூடிவிடுவார்கள். விசிறியைக் கழற்றித் தூக்கினால்தான் அந்தத் தட்டுத் தெரியும். அதை ஊதக் கூடாது. சாமணத்தால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் ஒரே துண்டாக உரிந்து வரும்.

மின் அடாப்ரரைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திவிட்டு, மெத்தென்ற துணியில் திரையைக் குப்புறக் கிடத்துங்கள். பல மொடல்களில் பின் மூடி ஓரக் கொக்கிகளில் நிற்கிறது. ஆனால் தாங்கியின் அடியிலோ இறப்பர் மூடிக்குள்ளோ ஒரு ஸ்குறூ ஒளிந்திருக்கும், அதைக் காணாமல் நெம்பினால் கொக்கி முறியும். இரும்பு வாள், கத்தி வேண்டாம், பழைய வங்கி அட்டை போதும். பலகையைத் தொடுமுன் உலோகம் எதையாவது தொட்டுக் கைநிலைமின்னை இறக்குங்கள். விசிறியின் வயரை இழுக்காமல், சொக்கற்றைப் பிடித்துக் கழற்றுங்கள். தட்டை எடுத்த பிறகு மீதித் தூசை மெல்லிய வர்ணத் தூரிகையால் தட்டிவிட்டு, ஊதுவதென்றால் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஊதுங்கள். வீட்டு வக்கியூமின் முனையைப் பலகையில் முட்ட வேண்டாம், அதிலும் நிலைமின் வரும். ரோனர் பொடி கலந்திருப்பதால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், வேலையைக் கடைக்கு வெளியே வையுங்கள்.

வெப்பத் தகட்டைத் தூக்காதவரை, அதற்கும் புரொசசருக்கும் நடுவே பூசியிருக்கும் பேஸ்ற்றை மாற்றத் தேவையில்லை. தூக்கினால் பழையதை அல்ககோலால் முழுதாகத் துடைத்து, ஒரு நெல்லளவு புதியதை நடுவில் வைத்து, ஸ்குறூக்களைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சரிவந்ததா என்று பார்க்க வெப்பநிலை காட்டும் மென்பொருள் ஒன்றைப் போடுங்கள். வேலை நேரத்தில் புரொசசர் தொடர்ந்து 90 பாகை செல்சியசுக்கு மேல் நின்றால் அது தானாகவே வேகத்தைக் குறைக்கக் கூடும், நீங்கள் சொல்லும் இழுபறி அதுவாக இருக்கலாம். வீதியோரக் கடைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. வீட்டிலிருக்கும் கணினிக்கு வருடத்தில் ஒருமுறை போதும்.

கேள்வி: திரைக்குள் கறுப்பாக ஏதோ ஒன்று ஊர்கிறது. மவுஸ் அம்புக்குறிக்குக் கீழாலும் போகிறது! மகன் அழுத்திக் கொல்லப் பார்க்கிறான்.
— குடும்பத் தலைவி, புத்தூர்

பதில்: மகனை உடனே நிறுத்துங்கள். அது பூச்சி. வெங்காயத் தோட்டங்களில் இருக்கும் இலைப்பேன் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். வெளிச்சத்தைத் தேடித் துளைகளால் புகுந்து பின்னொளித் தாள்களுக்குள் போய்விடும். அழுத்தினால் அங்கேயே நசிந்து, என்றைக்கும் போகாத கறுப்புப் புள்ளியாகிவிடும். திரையை நிறுத்தி, அறையை இருட்டாக்கி, கணினியின் பின் துளைக்கு அருகே ஒரு சிறு விளக்கை இரவு முழுவதும் எரியவிடுங்கள். உயிரோடிருந்தால் வந்த வழியே போகும். செத்துவிட்டால் சட்டத்தின் ஓரத்தில் விரலால் மெல்ல மெல்லத் தட்டுங்கள், காய்ந்த உடல் கீழ் விளிம்புக்கு விழக்கூடும். பொழுதுபட்ட பிறகு அறையில் திரை மட்டும் எரிவதைத் தவிர்த்தால் இனி வருவது குறையும்.

கேள்வி: கடற்கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் வீடு. இரண்டு வருடத்தில் இரண்டு மதர்போட் போய்விட்டன. தூசு இவ்வளவு செய்யுமா?
— வாசகர், காரைநகர்

பதில்: தூசு மட்டும் செய்யாது, உப்போடு சேர்ந்தால் செய்யும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது கறியுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உலர்ந்திருக்கும்வரை கேடில்லாத தூசுப் படலம் அப்போது மின்கடத்தும் ஈரப் படலமாகிறது. மின் இணைப்புக் கால்களில் பச்சை, வெள்ளைப் பூப் பூத்திருந்தால் காரணம் இதுதான். வெறுமனே ஊதி உப்பு போகாது. 99 வீத அல்ககோலில் தோய்த்த மெல்லிய தூரிகையால் அந்த இடங்களைத் துலக்கி, முழுதாக உலர்ந்த பிறகே மின் கொடுங்கள். மாதக்கணக்கில் மூடி வைக்கும் கணினிதான் முதலில் கெடும். வாடைக்காலத்தில் பாவிக்காவிட்டாலும் நாளுக்கு ஒரு மணித்தியாலம் போட்டுவிடுங்கள், உள்ளே வரும் சூடு ஈரத்தை விரட்டும்.

கேள்வி: துளைகளுக்கு மேல் மெல்லிய துணி ஒட்டினால் தூசு வராதா? உறை போட்டு வைப்பது நல்லதா?
— மாணவி, நல்லூர்

பதில்: துணி வேண்டாம். காற்று குறையும், விசிறி கூடச் சுழலும், ஒட்டாத வேறு இடைவெளிகளால் அதே தூசை இழுக்கும். நைலோன் வலை ஒட்டுவதென்றால் உறிஞ்சும் பக்கத்தில் மட்டும் ஒட்டி, கிழமைக்கு ஒருமுறை கழுவிக் காயவைக்க வேண்டும். அதற்குப் பஞ்சிப்படுபவர் ஒட்டாமலே விடலாம். உறை நல்லது, ஆனால் கணினியை நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறிய பிறகு. ஓடும்போது பின்பக்கம் சுவரிலிருந்து பத்துச் சென்ரிமீற்றராவது தள்ளியிருக்கட்டும். சாம்பிராணி, ஊதுபத்தி, நுளம்புத்திரி மூன்றையும் அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். புகையில் இருக்கும் பிசின் தகடுகளில் ஒட்டி, அதன் மேல் வரும் தூசைத் தூரிகைக்கும் அசையாமல் பிடித்துவைக்கும். வெளிப்பக்கம் துடைக்க அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தைப் பாவிக்காதீர்கள். எந்தத் திரவமானாலும் துணியில் விடுங்கள், திரையில் நேரே அடித்தால் அது வழிந்து கீழ் விளிம்பால் உள்ளே இறங்கும்.