தை மாதம் இங்கே கோடை: மொரீஷியஸ் மழலையர் வகுப்புக்கான கேள்வி பதில்

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்யும் மிஸ்மாரும், வீட்டில் பேரப்பிள்ளைகளை வைத்திருக்கும் பெரியவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி (காத்ர் போர்ன், வகுப்பு மிஸ்): எங்களிடம் இருக்கும் தமிழ்ப் படப்புத்தகத்தில் மார்கழி என்றால் பனி, சித்திரை என்றால் கொளுத்தும் வெயில். பிரெஞ்சுப் புத்தகத்தில் டிசம்பர் என்றால் வெண்பனி. பிள்ளைகளுக்குப் பருவங்களை எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது?

முற்றத்தை வைத்துத்தான். புத்தகம் தவறில்லை, அது வேறு ஊருக்கு எழுதியது. நமக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கோடை, மே முதல் அக்டோபர் வரை குளிர். மார்கழியில் ஃப்ளம்போயான் (செம்மயிற்கொன்றை) மரம் சிவக்கச் சிவக்கப் பூத்து நிற்கும், லெட்சியும் (லிச்சிப் பழம்) மாம்பழமும் கடைத்தெருவில் குவியும். சித்திரை பிறக்கும்போது இங்கே வெயில் தணியத் தொடங்கியிருக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ‘பருவம்’ என்ற சொல் வெறும் சத்தம். ‘கரும்பு பூத்துவிட்டது, இனி ஸ்வெட்டர் போடணும்’ என்பது புரியும்.

சுவரில் பன்னிரண்டு தாள் ஒட்டுங்கள். மாதத்துக்கு ஒரு பொருள் போதும், அதைப் பிள்ளைகளே கொண்டு வரட்டும். குளிர் தொடங்கும்போது கரும்புப் பூ. ஜூன், ஜூலையில் அறுவடை லாரியிலிருந்து விழுந்த கரும்புச் சோகை. அக்டோபரில் கார்தினால் குருவி: குளிர் காலம் முழுக்கப் பழுப்பாக இருந்த ஆண் குருவி கோடை நெருங்கும்போது சிவப்பாக மாறும். தலை, மார்பு என்று திட்டுத்திட்டாகச் சிவப்பு ஏறுவதைப் பிள்ளைகள் வாரந்தோறும் பார்த்துச் சொல்வார்கள். காலம் மாறுவதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

இன்னொன்று நிழல். நம் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருபது பாகையில் இருப்பதால் ஆண்டில் இரண்டு முறை சூரியன் நேர் தலைக்கு மேலே வரும்: நவம்பர் 22 வாக்கிலும் ஜனவரி 21 வாக்கிலும். நவம்பரில் 11.55 மணியளவில், ஜனவரியில் 12.20 மணியளவில், பிள்ளையை முற்றத்தில் நிறுத்தினால் நிழல் காலடிக்குள் சுருண்டுவிடும். ஜூன் 21 நண்பகலில் அதே பிள்ளையை நிறுத்துங்கள். நிழல் தெற்குப் பக்கமாக, கிட்டத்தட்ட அவன் உயரத்துக்கே நீண்டு கிடக்கும். இரண்டு முறையும் சாக்பீஸால் சுற்றி வரைந்து, அந்த நீளத்துக்கு நூல் வெட்டிச் சுவரில் தொங்கவிடுங்கள். சூரியனை அண்ணாந்து பார்க்கக் கூடாது என்பதை வெளியே போகும் முன்பே சொல்லிவிடுங்கள். ஜனவரியில் தொப்பியோடு ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி (ஃப்ளாக்): ஜனவரியில் பள்ளி திறந்ததும் பொங்கல் வந்துவிடுகிறது. புதுப் பிள்ளைகள் இன்னும் அழுதுகொண்டிருப்பார்கள். அந்த வாரத்தில் என்ன செய்ய முடியும்?

அழும் பிள்ளைக்கு அரிசி நல்ல மருந்து. அகலமான தாம்பாளத்தில் இரண்டு கிலோ அரிசி, நான்கு குவளை, இரண்டு அகப்பை. தரையில் பழைய சேலை விரித்து உட்கார வையுங்கள். அள்ளிக் கொட்டுவது கையை அடக்கும், மூச்சும் தணியும். அரிசியை மூக்கிலோ காதிலோ திணிக்கும் பிள்ளை வகுப்புக்கு ஒன்று இருக்கும் என்பதால் தாம்பாளத்துக்கு ஒரு பெரியவர் கட்டாயம். அந்த அரிசியைச் சமைக்க எடுக்காதீர்கள்.

சமையலுக்கு அளவு: பச்சரிசி ஒரு கப், வறுத்த பாசிப்பருப்பு கால் கப், பாலும் தண்ணீருமாக ஐந்து கப், வெல்லம் ஒரு கப். பிள்ளைகள் அளக்கலாம், கழுவலாம், ஏலக்காயை முகர்ந்து பார்க்கலாம். அடுப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி பெஞ்சை வரிசையாகப் போட்டு, அதற்குப் பின்னால் நின்று பார்க்கட்டும். பால் பொங்கவில்லை என்று பலர் சொல்வது பாத்திரத்தால். வாய் அகன்ற பாத்திரத்தில் நுரை பரந்து உடைந்துவிடும். பாலின் புரதமும் கொழுப்பும் மேலே ஆடையாகப் படிந்து, அடியிலிருந்து வரும் ஆவியைப் பிடித்து வைப்பதால்தான் அது எழும்புகிறது. கழுத்துக் குறுகிய பானையில் முக்கால் அளவு ஊற்றி, தீயைக் கூட்டினால் பொங்கும். முந்திரி போடும் முன் ஒவ்வாமை உள்ள பிள்ளை உண்டா என்று பெற்றோரிடம் கேளுங்கள்.

கரும்பு பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் பொங்கல் கரும்பு வெட்டும் காலத்தில் வருகிறது. இங்கே ஜனவரிக்குள் அறுவடை முடிந்து வயலில் புதுத் தளிர் வளர்ந்துகொண்டிருக்கும். அதை மறைக்க வேண்டாம். வயல் ஓரம் கூட்டிப்போய்ப் பிள்ளை உயரமும் கரும்பு உயரமும் ஒரே குச்சியில் குறித்து வையுங்கள். ஜூனில் அதே குச்சியோடு மறுபடி போங்கள்.

கேள்வி (க்யூர்பீப்): பிள்ளைகள் விளையாடும் மாவு உருண்டை எந்த அளவில் பிசைந்தாலும் இரண்டு நாளில் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது. போர் லூயியில் இருக்கும் என் தங்கைக்கு அதே அளவு நன்றாக வருகிறது.

குறை உங்கள் கையில் இல்லை, க்யூர்பீப் காற்றில். மாவில் போடும் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். மேட்டுநிலத்தில் ஈரம் எப்போதும் அதிகம் என்பதால் உருண்டை தானாகவே தண்ணீர் விடுகிறது. பச்சையாகப் பிசையாமல் அடுப்பில் கிளறிச் செய்யுங்கள்: மைதா இரண்டு கப், பொடியுப்பு அரை கப் (பலர் போடும் ஒரு கப் உங்கள் ஊருக்கு அதிகம்), தண்ணீர் இரண்டு கப், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் நான்கைந்து நிமிடம் கிளறினால் சட்டியின் ஓரத்தை விட்டுத் திரண்டு வரும். அந்த நேரத்தில் இறக்காமல் இன்னும் அரை நிமிடம் கிளறுங்கள். பெரும்பாலும் இந்த அரை நிமிடம்தான் விட்டுப்போகிறது. ஆறியதும் ஈரத்துணி போட்டு மூடாதீர்கள், காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜில் போடுங்கள். உப்பைக் குறைத்ததால் ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், புளித்த வாடை வந்தால் அன்றே கொட்டிவிடுங்கள். நிறத்துக்கு மஞ்சள்தூளும் பீட்ரூட் சாறும் போதும். மஞ்சள் சட்டையில் ஒட்டினால் போகாது, அதனால் பழைய சட்டை.

கேள்வி: புயல் விடுமுறை முடிந்து வந்ததும் பிள்ளைகள் முரட்டுத்தனமாக விளையாடுகிறார்கள். கட்டியதையெல்லாம் உடைக்கிறார்கள். தடுக்கலாமா?

தடுக்காதீர்கள். கிளாஸ் 2 புயல் எச்சரிக்கை வந்து பள்ளி மூடி, இருட்டில் ஜன்னல் அடிபட்டதைக் கேட்டுக்கொண்டு கிடந்த பிள்ளை அதைச் சொல்லத் தெரியாமல் விளையாடிக் காட்டுகிறது. அட்டைப் பெட்டி, துணி, கட்டைகளை ஒரு மூலையில் போட்டு ‘சிக்லோன் மூலை’ என்று கொடுங்கள். உடைக்கட்டும், பிறகு சேர்ந்து கட்டட்டும். டார்ச், தண்ணீர், பிஸ்கட் என்று ஒரு பையைத் தயார் செய்யும் விளையாட்டையும் சேர்த்தால் பயம் வேலையாக மாறும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர் லூயி தெருக்களில் கார்கள் மிதந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள் போல, காற்றைவிட வெள்ளத்தை நினைத்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. எதைப் பார்த்தாய் என்று முதலில் கேளுங்கள்.

மழை அளக்க, பக்கம் நேராக இருக்கும் ஜாடி வேண்டும். வயிறு பெருத்த போத்தல் தவறான அளவு காட்டும். அடிப்பாகம் வளைந்திருந்தால் வளைவு மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தைப் பூஜ்யமாகக் கோடு போடுங்கள். அளந்ததும் கொட்டிவிடுங்கள். டயர், பொம்மை வாளி, பூத்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒரு முறையாவது கவிழ்க்க வேண்டும், கோடையில் கொசு ஒரே வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். 2005-06இல் சிக்குன்குனியா பரவியதை இந்தத் தீவு மறக்கவில்லை. கவிழ்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், மிகவும் விரும்பிச் செய்வார்கள்.

கேள்வி (ரோஸ் ஹில், பாட்டி): பேத்தியிடம் தமிழில் கேட்டால் இங்கத்துப் பேச்சுமொழியான க்ரியோலில் பதில் சொல்கிறாள். வற்புறுத்தலாமா கண்ணு?

வேண்டாம் பாட்டி. அவள் புரிந்துகொண்டுதான் பதில் சொல்கிறாள், பாதி வேலை முடிந்தது. நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். அவள் சொன்னதைத் திருத்தாமல் தமிழில் திருப்பிச் சொன்னால் போதும்.

அதோடு, அவள் பேசும் க்ரியோலில் ஏற்கெனவே தமிழ் இருக்கிறது. பிரேட் மூரூம் என்பது முருங்கை. பிப்பங்கை என்பது பீர்க்கங்காய். கரிபுலே கறிவேப்பிலை, ராசோன் ரசம். கீரை ஆய உட்காரும்போது ஒரு காம்பைக் கையில் கொடுத்து, ‘நீ மூரூம்னு சொல்றே, நான் முருங்கைன்னு சொல்றேன், ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொல்லிப் பாருங்கள். காம்பை இடது கையில் பிடித்து, வலது விரலிரண்டால் மேலிருந்து கீழாக இழுத்தால் இலை உதிரும். பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு இதே பயிற்சிதான். பத்துக் காம்பு, பத்து எண்ணிக்கை. தினம் இப்படிப் பத்து நிமிடம் போதும், பாடமாக உட்கார வைக்க வேண்டியதில்லை.

கேள்வி: பயறு முளைக்கப் போட்டால் எங்கள் வகுப்பில் பாதி அழுகி நாறுகிறது.

தண்ணீர் அதிகம். விதைக்கும் மூச்சு வேண்டும், பஞ்சு தொப்பென்று நனைந்திருந்தால் காற்று உள்ளே போகாது. பாசிப்பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். பஞ்சை நனைத்துக் கையால் நன்றாகப் பிழிந்து ஜாடிக்குள் வைத்து, கண்ணாடிக்கும் பஞ்சுக்கும் நடுவே ஐந்தாறு விதைகளைச் செருகுங்கள். அப்போதுதான் வேர் கீழே இறங்குவது வெளியே தெரியும். ஜனவரியில் ஒரு நாளில் முளை எட்டிப்பார்க்கும், ஜூலையில் வக்வா போன்ற மேட்டுநில ஊரில் மூன்று நாள்கூட ஆகலாம். இந்த வித்தியாசத்தையே இரண்டு முறை செய்து காட்டுங்கள். வேர் தெரிந்த பிறகு ஜாடியைப் படுக்க வையுங்கள், இரண்டு நாளில் வேர் வளைந்து மறுபடி கீழே திரும்பும். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்ப்பார்கள். பச்சை முளையைத் தின்னக் கொடுக்காதீர்கள். முளைவிடும் ஈரச் சூட்டில் கிருமியும் பெருகும், வேகவைத்துக் கொடுங்கள்.

கேள்வி (பள்ளி நடத்துபவர்): தைப்பூசத்துக்கு அட்டைக் காவடி செய்யலாமா? அலகு பற்றிப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

செய்யலாம். தண்டுக்குச் செய்தித்தாள் மூன்று தாளை இறுக்கிச் சுருட்டி ஒட்டுங்கள். வளைவுக்கு நான்கு சென்டிமீட்டர் அகலம், அறுபது சென்டிமீட்டர் நீளமுள்ள அட்டைப் பட்டை. இரண்டு பக்கமும் தயிர் டப்பா பால் செம்பாகத் தொங்கட்டும், ஒரே எடையில். ஒரு பக்கம் கனத்தால் பிள்ளை சாய்ந்து சாய்ந்து நடக்கும். கயிறு கழுத்தைச் சுற்றக் கூடாது, தோளில் வைத்துக் கையால் பிடிக்கட்டும். மஞ்சள் க்ரேப் தாள் வியர்வையில் சாயம் விடும், சாமந்தியும் தென்னங்கீற்றும் போடுங்கள்.

அலகு பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: பெரியவர்கள் வேண்டிக்கொண்டு, விரதம் இருந்து, தாங்களே விரும்பிச் செய்வது, பிள்ளைகள் செய்வதில்லை. ‘வலிக்குமா’ என்றால் ‘வலிக்கலாம், அவர்கள் சாமியை நினைத்துக்கொண்டு தாங்குகிறார்கள்.’ நான்கு வயதுக்கு இது போதும். வகுப்பில் மற்ற மதப் பிள்ளைகளும் இருப்பார்கள், காவடி செய்வதா வேண்டாமா என்பதை அவர்கள் வீட்டில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மார்ச் 12 சுதந்திர தினத்துக்கு மொரீஷியஸ் கொடி ஒட்டும்போது நிறவரிசை தவறிப்போகிறது.

மேலிருந்து சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. நான்கு பட்டையும் ஒரே அகலம். பச்சை புல், அது தரையில் இருக்கும் என்று சொல்லிக் கீழிருந்து ஒட்ட ஆரம்பித்தால் தவறாது.

கேள்வி (மாயபூர்): ஜூலைக் காற்றில் பட்டம் விட ஆசை. நாலு வயதுக்கு முடியுமா?

முடியும், ஈர்க்குச்சிப் பட்டம் வேண்டாம். ஒரு ஏ4 தாளை அகலவாட்டில் பாதியாக மடியுங்கள். மடிப்பு உங்கள் பக்கம் இருக்கட்டும். இடது முனையிலிருந்து மடிப்பில் ஆறு சென்டிமீட்டரில் ஒரு புள்ளி, ஒன்பதில் ஒரு புள்ளி. இடது மேல்முனை இரண்டையும், மேலே ஒன்று கீழே ஒன்றாக, மடிப்புத் தெறிக்காமல் மெதுவாக வளைத்து முதல் புள்ளியில் ஸ்டேப்ளர் அடியுங்கள். இரண்டாவது புள்ளியில் துளை, அதில் இரண்டு மீட்டர் நூல். வளைத்த இடத்தை அழுத்தி மடித்துவிட்டால் பறக்காது, அந்த வளைவுதான் காற்றைத் தாங்குகிறது. சுற்றிச் சுற்றி விழுந்தால் வால் வேண்டும்: ஒரு விரல் அகலத்தில் அறுபது சென்டிமீட்டர் தாள்பட்டை. உங்கள் கரைப்பக்கம் தென்கிழக்குக் காற்று நேராக அடிக்கும் என்பதால் வாலோடேயே தொடங்குங்கள். மின்கம்பி இல்லாத மைதானம், பருத்தி நூல், பிள்ளைகள் ஒரே திசையில் ஓட வேண்டும்.

கேள்வி: முற்றத்தில் பொறுக்கும் விதைகளில் எதை விலக்க வேண்டும்?

குன்றிமணியும் அரளியும் பள்ளி வளாகத்திலேயே இருக்கக் கூடாது. சிவப்பும் கறுப்புமான குன்றிமணி அழகாக இருப்பதால் கோத்து விளையாடக் கொடுப்பவர்கள் உண்டு, ஓடு உடைந்தால் உள்ளிருப்பது கடும் விஷம். அரளியில் இலை, பூ, குச்சி எல்லாமே விஷம், அதன் குச்சியில் எதையும் செருகிச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். லெட்சிக் கொட்டை வழுக்கித் தொண்டையில் அடைக்கும், பழத்தைப் பெரியவர் உரித்துக் கொட்டையை எடுத்துவிட்டே தர வேண்டும். மற்றவற்றுக்குக் கழிவறைத் தாள் சுற்றிய அட்டைக்குழாயை எடுங்கள். அதற்குள் நுழையும் பொருள் எதுவானாலும் மூன்று வயதுக்குட்பட்டவர் கையில் வேண்டாம். ஃப்ளம்போயான் காய் நுழையாது. நன்றாகக் காய்ந்ததைக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும், இரண்டு முனையிலும் டேப் சுற்றிக் கொடுங்கள். வாரம் ஒரு முறை விரிசல் பாருங்கள்.