சுதி சேராத கீபோட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: தரம் 6இல் படிக்கும் மகளுக்கு ஹட்டனில் பாவித்த கீபோட் ஒன்று வாங்கினோம். 61 கட்டை. எந்தக் கட்டை எந்த சுரம் என்று கடைக்காரரே ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். ஸ்கூல் பாடத்தை நன்றாக வாசிக்கிறாள். என் அப்பா தோட்டத்துக் கோயில் பஜனையில் பாடுகிறவர். சின்ன வயதில் சரளி வரிசை (கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடம்) படித்தவர். மகள் வெள்ளைக் கட்டையில் ச ரி க ம வாசித்தால், "ரியும் தவும் சரியில்லை, சாமான் பழுது, கொண்டுபோய்க் கொடு" என்கிறார். கடையில் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அப்பாவின் காதும் சரி, கீபோட்டும் சரி. ஏழு சுரத்தில் ரி, த இரண்டு மட்டும் இடிக்கிறது என்று அவர் சொன்னதே போதும். சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில்தான் சொல்லிக் கொடுப்பார்கள். அதில் ரியும் தவும் ஸ்கூலில் படிப்பதைவிட அரைப் படி கீழே. சி தொடங்கி வெள்ளைக் கட்டைகளில் மட்டும் போனால் வருவது சங்கராபரண ராகம், மேலைத்தேய சங்கீதத்தில் சி மேஜர்.

இன்று மாலையே அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து இதை வாசிக்கச் சொல்லுங்கள்: சி, அதை ஒட்டிய கறுப்பு, இ, எஃப், ஜி, அதன் வலப்பக்கக் கறுப்பு, பி, மேல் சி. டியையும் ஏயையும் தொடக் கூடாது. அவர் முகம் மாறுவதைப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் அவர் குரலோடு சேராவிட்டால், அது கட்டைப் பிரச்சினை, அதாவது ச எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பது. நம் கணக்கில் சி ஒரு கட்டை, டி இரண்டு கட்டை, ஜி ஐந்து கட்டை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரையிலும் பாடுவார்கள். ஒரே மெட்டு எந்தக் கட்டையிலிருந்தும் தொடங்கலாம், ஆனால் சுரங்களுக்கு இடையிலான தூரம் மாறக் கூடாது. சின்னப் பிள்ளைகள் வாசிக்கும் இந்த இரண்டு வரியைப் பாருங்கள்:

சி சி ஜி ஜி ஏ ஏ ஜி
எஃப் எஃப் இ இ டி டி சி

இதையே அப்பாவுக்காக இரண்டு கட்டையில் வாசித்தால்:

டி டி ஏ ஏ பி பி ஏ
ஜி ஜி எஃப்ஷார்ப் எஃப்ஷார்ப் இ இ டி

முதல் வரிக்கு வெள்ளைக் கட்டையே போதும். இரண்டாவது வரியில் எஃப்பை அழுத்தினால் மெட்டு நொண்டும், அதற்கு அடுத்த கறுப்பைத் தொட வேண்டும். ஸ்டிக்கரை மட்டும் பார்த்து வாசிக்கும் பிள்ளை தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

வாங்கியது பாவித்த சாமான் என்பதால் இரண்டு விஷயத்தை மட்டும் சோதித்துவிடுங்கள். போனில் டியூனர் செயலி ஒன்றைப் போட்டு, கீபோட்டில் பியானோ சத்தத்தை வைத்து, கறுப்பையும் சேர்த்து இடப்பக்கமிருந்து 34ஆவது கட்டையை அழுத்துங்கள். ஏ, 440 ஹெர்ட்ஸ் என்று காட்ட வேண்டும். வேறு சுரம் காட்டினால் பெரும்பாலும் முன்பு வைத்திருந்தவர் டிரான்ஸ்போஸை (எல்லாக் கட்டையின் சுதியையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் அமைப்பு) மாற்றிவிட்டிருப்பார். அதைச் சைபருக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 61 கட்டையையும் ஒவ்வொன்றாக, ஒரே அழுத்தத்தில் அழுத்துங்கள். ஒன்று ஊமையாக இருந்தாலோ, ஒன்று மட்டும் கத்தினாலோ, உள்ளே இருக்கும் ரப்பர் தொடுப்பில் தூசியோ ஈரமோ ஏறியிருக்கிறது. நம் ஊர்ப் பனிக்கு இது சாதாரணம். அப்படி இருந்தால் கடைக்காரரிடம் தாராளமாகப் பேசலாம். பற்றுச்சீட்டு கேட்டால் கொடுக்க வேண்டியது அவர் கடமை. அவர் மசியாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ராகம் வேறு என்பதற்காக மட்டும் யாரும் காசைத் திருப்பித் தர மாட்டார்கள்!

கேள்வி: அண்ணன், தங்கை இருவருக்கும் பண்டாரவளையில் வேறு வேறு கடையில் ரெக்கோடர் (ஸ்கூலில் ஊதும் குழல்) வாங்கினேன். ஒரே மாதிரி விரல் வைத்தும் எஃப் மட்டும் இரண்டிலும் ஒன்றாக வரவில்லை. எது போலி?

பதில்: எதுவும் போலி இல்லை. ஒன்று ஜெர்மன் விரல் முறைக்கானது, மற்றது பரோக். முன்பக்கத் துளைகளை மேலிருந்து எண்ணுங்கள். நான்காவதைவிட ஐந்தாவது சிறியதாக இருந்தால் ஜெர்மன், நான்காவது சிறியதாக இருந்தால் பரோக். ஜெர்மனில் எஃப்புக்குப் பின்துளையையும் முதல் நான்கையும் மூடினால் போதும். பரோக்கில் அவற்றோடு ஆறையும் ஏழையும் மூட வேண்டும். தொடக்கத்தில் ஜெர்மன் சுலபம், எஃப்ஷார்ப் வரும்போது அதுவே தொல்லை. இனி வாங்குவதாக இருந்தால் நான் பரோக்கைத்தான் சொல்வேன், ஆனால் முதலில் வகுப்பு டீச்சரிடம் கேளுங்கள். யமஹாவில் வைஆர்எஸ் 23 ஜெர்மன், வைஆர்எஸ் 24பி பரோக். பெட்டி இரண்டும் ஒரே சாயல், இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: எழுத்து அச்சடித்த 37 கட்டை கீபோட் மலிவாகக் கிடைக்கிறது. பிள்ளைக்குப் போதுமா?

பதில்: மூன்று ஸ்தாயி இருக்கிறது, ஒற்றை விரல் மெட்டுக்குப் போதும். ஆனால் வாங்குமுன் பிள்ளையின் கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். சின்னக் கட்டையாக இருந்தால் இரண்டு வருடத்தில் விரல் பக்கத்துக் கட்டையிலும் படும். எழுத்துக்கென்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வெள்ளைத் தாளும் பசையும் வீட்டில் இருக்கும்.