திருமலையில் (இலங்கையின் திருகோணமலை) தொலைக்காட்சிச் செய்தியாளர் வேலை: கேட்டவர்களுக்குப் பதில்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறேன், அக்கா. இந்த வேலைக்கு என்ன படிக்கலாம்? (மூதூர் மாணவி)

தங்கச்சி, தூரம் போகத் தேவையில்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே தொடர்பாடல் படிக்கலாம். கூடவே சிங்களத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். சிங்களம் பேசும் கந்தளாய் விவசாயியிடம் இன்னொருவரை இடையில் வைத்துக் கேள்வி கேட்டால், பாதி விஷயம் வந்து சேராது.

சம்பளம் எப்படி?

மாவட்டச் செய்தியாளருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. ஒளிபரப்பான செய்திக்குத்தான் காசு. வெருகல் வரை மோட்டார் சைக்கிளில் போய் எடுத்த காட்சி இரவுச் செய்தியில் வராவிட்டால் பெற்றோல் செலவும் உங்கள் தலையில்தான். அதனால்தான் இங்கே பலர் படிப்பிக்கிறார்கள், கல்யாண வீடியோ எடுக்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள். வீட்டாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒன்றரை நிமிடச் செய்திக்கு ஒரு நாள் முழுக்க எதற்கு?

சீனக்குடா எண்ணெய்க் குதங்களை, அதாவது எண்ணெய் சேமிக்கும் பெரிய தாங்கிகளை, எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ்காரர் கட்டியவற்றில் 99 இருக்கின்றன என்று பத்திரிகையில் ஒரு வரியில் எழுதிவிடலாம். திரையில் அவை தெரிய வேண்டுமே! பல குதங்கள் காடு மூடிக் கிடக்கின்றன, உள்ளே போக அனுமதி வேண்டும். பக்கத்தில் விமானப்படைத் தளம், துறைமுகம். கமராவைத் தூக்கினாலே யாராவது வந்து விசாரிப்பார்கள். அதற்குள் வெயில் ஏறிவிடும். அப்புறம் குரல் பதிவு. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு வாங்கினால் வாக்கியத்தை வெட்டுங்கள். படத்தில் தெரிவதைத் திரும்பச் சொல்லவும் வேண்டாம்.

செத்த வீட்டில் மைக் நீட்டுவது சரியா? (கிண்ணியா வாசகர்)

2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாததால் ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளும் இறந்தார்கள். பிள்ளையை இழந்த தாயிடம் "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டு ஆகப்போவது என்ன? பாலம் ஏன் முடியவில்லை, படகுக்கு அனுமதி கொடுத்தது யார் என்று கேட்க அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே மைக்கை நீட்டுங்கள். தாய் தானாகப் பேச வந்தால் பேசட்டும். நாளைக்கு அதே சந்தையில் அவரை நீங்கள் பார்க்க வேண்டிவரும், அதையும் நினையுங்கள்.

பயம் இல்லையா?

இருக்கிறது. 2006 ஜனவரி 2 அன்று இங்கே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டபோது, 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரையே சுட்டுக் கொன்றார்கள். அவர் பத்திரிகைக்காரர்தான், ஆனாலும் திருமலையில் கமரா பிடிக்கும் எங்கள் எல்லோருக்கும் அவர்தான் மூத்தவர். இப்போதும் சிக்கலான இடத்துக்குத் தனியாகப் போக மாட்டேன். எடுத்ததை உடனே செய்தி அறைக்கு அனுப்பிவிடுவேன்.

வட்ஸ்அப்பில் வரும் வீடியோவைப் போடலாமா?

எடுத்தவரோடு பேசாமல் போடாதீர்கள். மாரி தொடங்கினால் பழைய வெள்ளக் காட்சிகள் புதிதுபோலச் சுற்றும். பின்னால் கடைப் பெயர்ப்பலகை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அந்தக் கடைக்கே போன் எடுத்து, வாசலில் தண்ணீர் நிற்கிறதா என்று கேளுங்கள்.