பழைய டக்டோடு புதிய ஹீற் பம்ப் ஒத்துப்போகுமா?

கேள்வி: ரொறன்ரோ ஸ்காபரோவில் 1974 இல் கட்டிய இரண்டு மாடி வீடு, ஏறக்குறைய 1,500 சதுர அடி. எரிவாயு ஃபேர்னஸ் பழசாகிவிட்டது. புதிய ஃபேர்னஸும் அதோடு 3 டன் ஹீற் பம்பும் (மாரியில் சூடாக்கி, கோடையில் குளிராக்கும் மின் இயந்திரம்) போடச் சொல்கிறார்கள். ஒரு கொம்பனி டக்ட் (அறைகளுக்குக் காற்றுப் போய்வரும் தகரக் குழாய்கள்) முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பத்தாயிரம் டொலர் கூடுதலாகக் கேட்கிறது. இன்னொரு கொம்பனி டக்டைப் பார்க்கவே தேவையில்லை என்கிறது. மேல்மாடிப் பின்னறை மாரியில் குளிர், கோடையில் வெக்கை. யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். இருவருமே எதையும் அளக்காமல் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் டக்டை முழுதாக மாற்றவேண்டிய தேவை பெரும்பாலும் இராது. ஆனால் அந்த டக்டில் 3 டன் இயந்திரம் ஓடுமா என்பது கட்டாயம் பார்க்கவேண்டிய விஷயம்.

டன் என்பது இங்கே எடை அல்ல, இயந்திரத்தின் திறன். ஹீற் பம்புக்கு ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்று வேண்டும். 2 டன்னுக்கு 800, 3 டன்னுக்கு 1,200. எரிவாயு ஃபேர்னஸ் மிகவும் சூடான காற்றைத் தருவதால் குறைந்த காற்றிலும் வீட்டைச் சமாளித்துவிடும். ஹீற் பம்பின் காற்று இளஞ்சூடுதான், ஆகவே அளவு கூட வேண்டும். உங்கள் வீட்டு டக்டைப் போட்டவர்கள் ஃபேர்னஸை மட்டும் மனதில் வைத்தே போட்டார்கள்.

பேஸ்மென்ற்றுக்கு ஒரு அளவு நாடாவோடு இறங்குங்கள். ஃபேர்னஸுக்குக் காற்றைத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய தகரப் பெட்டியின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து பெருக்குங்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு 5 கன அடி என்று வைத்துக்கொள்ளலாம். 20 அங்குலம் அகலம், 8 அங்குலம் ஆழம் என்றால் 160 சதுர அங்குலம், அதாவது ஏறக்குறைய 800 கன அடி. அது 2 டன்னுக்குச் சரி. 3 டன்னுக்கு 240 சதுர அங்குலம் வேண்டும். பிறகு அறைகளுக்குப் போகும் வட்டக் குழாய்களை எண்ணுங்கள். 5 அங்குலக் குழாய் ஒன்றுக்கு 50, 6 அங்குலத்துக்கு 80 முதல் 100 கன அடி. கூட்டினால் உங்கள் டக்டின் கொள்ளளவு கையில் வந்துவிடும். இது உத்தேசக் கணக்குத்தான், ஆனால் விற்க வருபவரோடு கதைக்க இது போதும்.

800 கன அடிக்கான டக்டில் 1,200 ஐத் தள்ளினால் என்ன ஆகும்? காற்று ஒன்றரை மடங்கு, ஆனால் எதிர்ப்பு அழுத்தம் இரண்டேகால் மடங்கு. மோட்டர் திணறும், மின்சாரம் கூடும், அறை வாய்களில் இரைச்சல் வரும். அப்படியும் போதிய காற்று வராது. கோடையில் காற்றைக் குளிராக்கும் சுருளில் பனிக்கட்டி பிடிக்கும், மாரியில் ஹீற் பம்ப் உயர் அழுத்தத்தில் தானாக நின்றுவிடும். அப்போது வருகிற தொழில்நுட்பர் இயந்திரத்தைக் குறை சொல்லி உதிரிப்பாகம் மாற்றுவார். பிழை தகரத்தில் இருக்கும்.

சரியான அளவை, காற்றழுத்தத்தை அளக்கும் மனோமீட்டர்தான் சொல்லும். ஃபில்டருக்கும் ஃபேர்னஸுக்கும் இடையில் ஒரு சிறு துளை, ஃபேர்னஸுக்கும் ஏசிச் சுருளுக்கும் இடையில் இன்னொரு துளை. விசிறி ஓடும்போது இரண்டு அளவுகளையும், கழித்தல் குறியை விட்டுவிட்டு, கூட்ட வேண்டும். பெரும்பாலான ஃபேர்னஸ்களின் தகட்டில் எழுதியிருக்கும் உச்ச வரம்பு 0.5 அங்குல நீர் (இது அழுத்தத்தின் அலகு). நனைந்த சுருளே அதில் 0.2 க்கு மேல் எடுத்துவிடும். ஒரு அங்குலத் தடிப்பான, நுண்தூசி பிடிக்கும் மெர்வ் 13 ஃபில்டர் இன்னொரு 0.2 ஐ எடுத்தால், டக்டுக்கு என்ன மிச்சம்? பல வீடுகளில் 4 அங்குல ஃபில்டர் பெட்டியும், பேஸ்மென்ற்றில் இன்னொரு திரும்புகாற்றுக் குழாயும் போட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும். அரை நாள் தகர வேலை அது. முழு டக்டையும் மாற்றச் சொல்பவர் இந்த இரண்டு துளைகளையும் போட்டாரா என்று கேளுங்கள்.

வேதனை என்னவென்றால், இந்த அளவை யாரும் கேட்பதில்லை. எனர்கைட் (வீட்டின் எரிசக்தி மதிப்பீடு) பரிசோதகர் வந்து வீட்டின் காற்றுக் கசிவை அளப்பார். டக்டின் அழுத்தம் அந்தப் பரிசோதனையில் இல்லை. மானியத் திட்டங்கள் இயந்திரத்தின் மாதிரி எண்ணைப் பார்த்துக் காசு கொடுக்கின்றன. அந்த இயந்திரத்துக்கு மூச்சு விட வழி இருக்கிறதா என்று ஒரு வரி கேட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கும்.

3 டன் உங்களுக்குத் தேவையே இல்லை என்பது என் கணிப்பு. ஸ்காபரோவுக்கு வெப்பக் கணக்குப் போட எடுக்கும் கடுங்குளிர் −20 பாகை. அப்படியான இரவொன்றில் உங்கள் ஃபேர்னஸ் எவ்வளவு நேரம் ஓடியது என்று தெர்மோஸ்டாட்டில் பாருங்கள். மணிக்கு 80,000 பிடியூ (வெப்ப அலகு) எரிவாயு எடுத்து 64,000 தரும் பழைய ஃபேர்னஸ் பாதி நேரம்தான் ஓடியது என்றால், உங்கள் வீட்டின் தேவை மணிக்கு 32,000 தான். மேலும் கடும் குளிரில் ஃபேர்னஸ் பொறுப்பெடுக்கும். ஆகவே ஹீற் பம்ப் தனியாக −20 ஐத் தாங்கவேண்டியதில்லை. டக்ட் தாங்குகிற 2 டன்னைப் போட்டால் மாரியின் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும். சிஎஸ்ஏ எஃப்280 என்ற கனடியத் தரநிலை முறையில் செய்த வெப்பக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். சதுர அடியைப் பெருக்கி டன் சொல்பவர் கணக்குப் போடவில்லை.

பின்னறைக்குப் பெரிய இயந்திரம் மருந்து அல்ல. அந்த அறைக்குப் போகும் நீளமான 5 அங்குலக் குழாயைப் பேஸ்மென்ற்றில் தொடங்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் சிறு கைப்பிடி, குழாய்க்கு நேராக இருந்தால் திறப்பு, குறுக்காக இருந்தால் மூடல். ஃபேர்னஸுக்குக் கிட்டவுள்ள குழாய்களைக் கொஞ்சம் ஒடுக்கினால் பின்னறைக்குக் காற்று கூடும். மூட்டுகளில் கசிவை மாஸ்டிக் பசையாலோ அலுமினிய நாடாவாலோ அடையுங்கள். சாம்பல் நிறத் துணி நாடா சூட்டில் காய்ந்து உரிந்துவிடும். அறைக் கதவைச் சாத்தினால் காற்று குறைகிறதா என்றும் பாருங்கள். குறைந்தால் திரும்பிவர வழி இல்லை என்று அர்த்தம், கதவின் அடியில் ஒரு அங்குலம் வெட்டிவிடலாம்.

ஒன்றை மட்டும் செய்ய விடாதீர்கள். திரும்புகாற்றுப் போதவில்லை என்று ஃபேர்னஸ் அறைக்குள்ளேயே தகரப் பெட்டியில் ஓட்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். சுடுநீர்த் தொட்டியின் புகை புகைபோக்கியால் போகிற வீட்டில், அந்த ஓட்டை புகையைக் கீழே இழுத்து வீடு முழுக்கக் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவைப் பரப்பக்கூடும்.

உங்கள் வீடு 1974 ஆம் ஆண்டினது என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து டக்ட் மூட்டுகளில் வெள்ளையான, காகிதமும் துணியும் கலந்ததுபோன்ற நாடா ஒட்டியிருந்தால் அது அஸ்பெஸ்டோஸ் ஆக இருக்கலாம். அறை வாய்களின் கழுத்தைச் சுற்றியும் இருக்கும். அது முழுதாக, உரியாமல் இருந்தால் தொடவேண்டாம். சுரண்டாதீர்கள், அதன்மேல் வெட்டாதீர்கள், டக்ட் சுத்திகரிக்கும் வாக்யூம் தூரிகையால் தட்ட விடாதீர்கள். வேலை செய்யவேண்டிய இடத்தில் இருந்தால் முதலில் ஆய்வுகூடத்தில் மாதிரி சோதிக்க வேண்டும். அஸ்பெஸ்டோஸ் என்று உறுதியானால் அதற்குரிய பயிற்சி பெற்றவர்தான் எடுக்க வேண்டும். "இதெல்லாம் ஒன்றும் செய்யாது" என்று கத்தியை எடுக்கும் நிறுவுநரை அந்த நிமிடமே நிறுத்துங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

தொலைபேசியில் அழைத்து டக்ட் கழுவித் தருகிறோம் என்பவர்களால் மேலே சொன்ன எதுவும் தீராது. அவர்கள் உள்ளே வருவது அடுத்த பொருளை விற்கத்தான். ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் ஃபேர்னஸ், ஏசி, டக்ட் சுத்திகரிப்பு ஆகியவற்றைக் கேட்காமல் கதவைத் தட்டி விற்பது சட்டவிரோதம். இயந்திரத்தை வாடகைக்குக் கொடுத்த சில கொம்பனிகள் அதற்காக வீட்டின் காணிப் பதிவில் பிணைப் பதிவு போட்டு, வீட்டை விற்கும்போது பல்லாயிரம் டொலர் பறித்தார்கள். நுகர்பொருட்களுக்கான அந்தப் பதிவுகளை 2024 ஜூனில் மாகாண அரசு நிறுத்திவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. "மாதம் இவ்வளவுதான், கையில் காசு வேண்டாம்" என்று தமிழில் அன்பாகக் கதைத்தாலும் அதில் கையெழுத்து வைக்காதீர்கள். இயந்திரத்தை வாங்குங்கள்.

விலை மதிப்பீட்டில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: எஃப்280 கணக்கு, வேலைக்கு முன்னும் பின்னும் அளந்த டக்ட் அழுத்தம், ஃபில்டர் பெட்டியின் அளவு, எந்தத் தகர வேலைக்கு எவ்வளவு. எரிவாயு வேலைக்கு டிஎஸ்எஸ்ஏ (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிவு எண்ணையும் கேளுங்கள். வீட்டில் வைத்து ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டீர்கள் என்றால், ஒப்பந்தப் பிரதி கையில் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். தொலைபேசியில் சொல்லாமல், எழுத்தில் அனுப்பி அனுப்பிய அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள்.