காடு, தோட்டம், வயல்: கொங்கு நாட்டு ஊர்க் கற்கள் (வாசகர் கேள்வி பதில்)

கொங்கு நாட்டுச் சிற்றூர்கள் எவ்வாறு தோன்றின என்பது பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் பெரும்பாலானவை கற்களைப் பற்றியவையாகவே இருந்தன. அவற்றுள் ஐந்துக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்து மூலையில், கிளுவை வேலியை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நிற்கிறது. ஓர் ஆள் புலியை ஈட்டியால் குத்துவதுபோல அதில் செதுக்கியிருக்கிறார்கள். பட்டிப்பொங்கல் அன்று அதற்குப் பொங்கல் வைப்பது மாமனார் காலத்திலிருந்து வழக்கம். எழுத்து ஒன்றும் இல்லை. எழுத்தில்லாத கல்லை வைத்து ஊரின் வயதைச் சொல்ல முடியுமா?
— வாசகி, காங்கேயம் வட்டம்

ஊரின் வயதைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊர் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதை அந்தக் கல் சொல்லும், அதுவும் எழுத்துள்ள பல கற்களைவிடத் தெளிவாகச் சொல்லும்.

நீங்கள் வணங்குவது புலிக்குத்திக்கல். ஆநிரையைக் காக்கப் புலியோடு பொருது இறந்தவனுக்கு எடுத்த நடுகல் அது. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்துள்ள பழைய நடுகற்கள், பகைவர் கவர்ந்து சென்ற மாடுகளை மீட்கும் சண்டையில் மடிந்தவர்களைப் பற்றி எழுத்திலேயே கூறுகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் புலிக்குத்திக் கற்களில் எதிரி மனிதன் அல்லன், விலங்கு. அவற்றுள் பல எழுத்தில்லாதவை. சிற்ப அமைதியைக் கொண்டு விசயநகர, நாயக்கர் காலத்தவை என்று மதிப்பிடப்படுபவையும் பல. ஆகவே உங்கள் கல்லில் எழுத்து இல்லாதது குறை அன்று. அந்த வீரனின் பெயர் ஊராருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

கல்லை அருகில் சென்று பார்க்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். வீரனின் கொண்டை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, ஈட்டி புலியின் வாயில் பாய்ந்திருக்கிறதா வயிற்றில் பாய்ந்திருக்கிறதா, இடுப்பில் குறுவாள் உண்டா, புலியின் முன்னங்கால் அவன் தொடையைப் பற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணுருவம் நின்றால் அவன் மனைவியும் உடன் உயிர்விட்டிருக்கலாம். அத்தகைய பெண்ணைத்தான் நம் பக்கத்தில் வீரமாத்தி என்று கும்பிடுகிறோம். நண்பகல் வெயிலில் இவை ஒன்றும் புலப்படா. மாலையில் வெயில் பக்கவாட்டில் விழும்போதோ, இரவில் டார்ச் விளக்கைக் கல்லின் ஓரத்தில் படுக்க வைத்தாற்போலப் பிடித்தோ பார்த்தால், இல்லையென்று நினைத்த கோடுகள் எழுந்து நிற்கும்.

அதைவிட முக்கியமானது கல் நிற்கும் இடம். காங்கேயம் பகுதியில் மேய்ச்சலுக்கென்றே விடப்பட்ட கொரங்காடுகளை நீங்கள் அறிவீர்கள்: கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. காங்கேயம் மாடுகள் அந்தப் புல்லில் வளர்ந்தவை. வேலிக்குள் மாடு, வேலிக்கு அப்பால் புலி என்ற நிலையில் இரவுக் காவலுக்குப் படுத்திருந்த ஒருவனின் கதைதான் அந்தக் கல். கல் நின்ற இடத்துக்கு அருகில் மாட்டுப்பட்டி இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. மேய்ச்சலைச் சார்ந்து குடியிருந்தவர்கள் அந்தக் காலத்தில் அங்கே இருந்தார்கள் என்றும், காட்டின் விளிம்பு அந்த வேலிவரை வந்திருந்தது என்றும் அதைக் கொண்டு துணிந்து சொல்லலாம். கல்லைப் பெயர்த்துக் கோயில் வாசலில் கொண்டுபோய் வைத்தால் இந்தச் செய்தி முழுவதும் போய்விடும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஓர் ஊரில் இத்தகைய கல் ஒன்றுக்கு ஆயில் பெயிண்ட் அடித்திருந்ததைப் பார்த்தேன். புலிக்கு மஞ்சள், வீரனுக்கு ஊதா. பக்தியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் புலியின் நகம் எங்கே முடிகிறது, வீரனின் தொடை எங்கே தொடங்குகிறது என்பது பெயிண்டுக்கு அடியில் போய்விட்டது. எண்ணெய்க் காப்பும் மஞ்சளும் போதும்.

ஈரோட்டைச் சுற்றி 'வலசு' என்று முடியும் ஊர்கள் பல உள்ளன. பாளையம், புதூர் என்பனவும் அப்படியே. இந்தப் பெயர்கள் முதலில் குடியேறியவர்களைப் பற்றி ஏதேனும் சொல்கின்றனவா?
— வாசகர், மொடக்குறிச்சி

சொல்கின்றன. வலசை போதல் என்றால் இடம்பெயர்தல். தாயூரில் நிலம் போதாமலோ, மேய்ச்சல் தேடியோ சில குடும்பங்கள் விலகிப் போய்த் தங்கிய சிற்றூர் வலசு என்று கொள்வது பொருந்தும். ஈரோட்டு நகருக்குள்ளேயே நாராயணவலசு இருக்கிறது. பாளையம் என்பது படையோ கூட்டமோ தங்கிய இடம். எல்லாப் பாளையத்திலும் பாளையக்காரர் இருந்ததாக எண்ண வேண்டியதில்லை. புதூர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பூட்டன் காலத்தைத் தாண்டியும் அவை புதூராகவே இருக்கின்றன என்பதைத் தவிர.

ஊர்ப் பெயர்களைவிட நாம் நாள்தோறும் பேசும் நிலப்பெயர்கள்தான் எனக்குப் பெரிய ஆதாரமாகப் படுகின்றன. மானாவாரியாகக் கம்போ சோளமோ விதைக்கும் நிலத்தைக் கொங்கு நாட்டார் இன்றும் 'காடு' என்றே சொல்கிறோம். மரம் ஒன்றுகூட இல்லாத கொள்ளு விதைத்த நிலத்துக்குப் போகிறவர், 'காட்டுக்குப் போறேனுங்க' என்கிறார். அதே நிலத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டுவிட்டால் அது தோட்டம். அங்கே தோட்டத்து வீடான சாளை ஒன்றும் எழும். ஆற்று வாய்க்கால் பாய்ந்தால் வயல். மரங்களை வெட்டிப் பல தலைமுறை ஆன பிறகும், நீர் வந்து சேரும்வரை அந்த நிலத்துக்குப் பழைய பெயர் போகவில்லை.

தோட்டமான நாளுக்கு அடையாளக் கல்லும் உண்டு. பழைய கிணற்று மேட்டில் இரண்டு கல்கால்கள் நிற்பதைப் பாருங்கள். அவற்றின் தலையில் உருளையைத் தாங்கிய பள்ளம் இருக்கும், பின்னால் கவலை (எருது பூட்டித் தோல் பறியால் நீர் இறைக்கும் முறை) எருதுகள் இறங்கி ஏறிய சரிவு பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும். நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கி, சமவெளிக் கிணறுகளுக்கு மெல்ல மெல்ல மோட்டார் வந்து சேர்ந்தபோது கவலைகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் கல்கால்களில் பெயர் எதுவும் வெட்டியிருக்காது. கிணற்றைத் தோண்டியவர்கள், கல்லுடைத்தவர்கள், தோல் பறியைத் தைத்துக் கொடுத்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் கோயில் கல்வெட்டுகளிலும் அரிதாகவே வருகின்றன. கொடுத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டுவது நம் வழக்கம், உழைத்தவரின் பெயரை வெட்டுவது அவ்வளவாக இல்லை.

விதிவிலக்காக ஒன்று நினைவுக்கு வருகிறது. கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள அரசாணைக் கல்வெட்டு ஒன்று, கொங்கு நாட்டுக் கம்மாளர்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று உரிமை தருகிறது. ஏரும் கொழுவும் செய்து கொடுத்தவர்களுக்கு அதுவரை செருப்பும் சாந்தும் மறுக்கப்பட்டிருந்தன என்பதையும் அந்த ஆணையிலிருந்தே அறிகிறோம்.

எங்கள் நில எல்லையில் சூலம் பொறித்த கல் ஒன்று புதைந்திருக்கிறது. இது வெள்ளைக்காரர் காலத்துச் சர்வே கல்லா?
— வாசகர், பொள்ளாச்சி

இல்லை. சர்வே கற்கள் 19ஆம் நூற்றாண்டு நில அளவையின்போது நடப்பட்டவை; சிறியவை, அவற்றில் சூலம் பொறிப்பதில்லை. உங்களுடையது சூலக்கல். சிவன் கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லையில் சூலம் பொறித்த கல்லையும், பெருமாள் கோயில் நிலத்துக்கு ஆழி (சக்கரம்) பொறித்த கல்லையும் நடுவது வழக்கம். சோழர் செப்பேடுகளில் நிலத்தை அளந்து எல்லை வகுக்கும் இடத்தில் 'கல்லும் கள்ளியும் நாட்டி' என்ற தொடர் வருகிறது. கல்லை ஒருவன் பிடுங்கி எறிந்தாலும் கள்ளி தழைத்து நின்று காட்டிக்கொடுக்கும் என்பதை எண்ணினால் அந்தத் தொடரின் நுட்பம் விளங்கும். பொள்ளாச்சிக்குப் பக்கத்திலேயே மாரியம்மன் கோயிலால் பெயர் பெற்ற சூலக்கல் என்ற ஊர் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே.

கல்லை அசைக்க வேண்டாம். சுற்றியுள்ள மண்ணைக் கையால் விலக்கி, நான்கு பக்கமும் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

காலிங்கராயன் வாய்க்கால் ஏன் இவ்வளவு வளைந்து வளைந்து செல்கிறது? பாம்பு ஊர்ந்து காட்டிய வழியில் வெட்டியதாகச் சொல்வதை நம்பலாமா?
— வாசகி, கொடுமுடி

பாம்பை நம்ப வேண்டியதில்லை. கதையை ஒதுக்கவும் வேண்டியதில்லை.

பவானி ஆறு காவிரியோடு கூடுவதற்குச் சற்று முன் அணை கட்டித் திருப்பப்பட்ட நீர், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி உங்கள் ஊர்ப் பக்கத்தில் நொய்யலில் சேருகிறது. நேர்கோட்டில் பார்த்தால் அதில் ஏறத்தாழ பாதித் தொலைவுதான். எஞ்சிய நீளம் முழுவதும் வளைவுகள். காவிரி ஒரு பக்கம் தாழ்வாக ஓட, வாய்க்கால் அதற்கு இணையாக மேட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் மதகைத் திறந்தவுடன் தானே பாயும். நேராக வெட்டினால் சில இடங்களில் பாறையை உடைக்க வேண்டும், சில இடங்களில் பள்ளத்தின் மேல் கரை எழுப்ப வேண்டும், சரிவு கூடி வேகமெடுக்கும் நீர் கரையை அரிக்கும். நில மட்டத்தை ஒட்டி வளைந்து போகும் வாய்க்காலுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. 13ஆம் நூற்றாண்டில் கருவிகள் ஏதுமில்லாமல் மட்டம் பார்த்தவனின் திறமையை ஊரார் தங்கள் மொழியில் பாம்பு என்று சொல்லி வைத்தார்கள். மேடு பள்ளம் அறிந்து, ஏறாமல் ஒதுங்கிச் செல்லும் உயிர் அது.

காலிங்கராயன் வெள்ளோட்டைக் காணியாகக் கொண்ட குடியில் பிறந்தவர் என்பது மரபு. தம் குடும்பத்தின் நலனுக்காகவே வாய்க்கால் வெட்டினார் என்ற பேச்சு எழுந்ததால், அந்த நீரைத் தம் வழியினர் பயன்படுத்துவதில்லை என்று உறுதி சொல்லிப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள். அணைக்கட்டில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது, தை 5ஆம் நாளை அவர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அவருக்கு உரிய அடையாளக் கல் எது என்று என்னைக் கேட்டால், 15,000 ஏக்கருக்கு மேல் பாயும் அந்த வாய்க்காலின் கரையில் விளைந்து நிற்கும் மஞ்சளைத்தான் காட்டுவேன்.

எங்கள் ஊர் கீழ்பவானி வாய்க்கால் வந்த பிறகு வளர்ந்தது. பழைய கோயில், கல்வெட்டு, நடுகல் ஒன்றும் இல்லை. வருகிற பொங்கலுக்கு ஊர் வரலாற்றைக் கல்லில் பொறித்து வைக்க இளைஞர்கள் விரும்புகிறார்கள். 'ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த' என்று தொடங்கலாமா?
— வாசகர், பெருந்துறை வட்டம்

வேண்டாம். ஈராயிரம் ஆண்டுப் பழமை உங்கள் வட்டத்துக்கு உண்டு. நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. இரும்பு உருக்கியதற்கும், பளிங்கு, பச்சைக்கல் முதலியவற்றில் மணி செய்ததற்கும், பானை ஓட்டில் தமிழி எழுத்தில் பெயர் கீறியதற்கும் அங்கே அகழாய்வுச் சான்று கிடைத்திருக்கிறது. அந்தப் பழமையைக் கடன் வாங்கி உங்கள் ஊர்க் கல்லில் வெட்டினால், உங்கள் ஊருக்கு உண்மையாக உள்ள வரலாறு அதற்கு அடியில் மறைந்துவிடும்.

அந்த வரலாறு சிறியதன்று. பவானிசாகர் அணை வேலை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள வாய்க்கால் 2,07,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் கொண்டுவந்தது. அதற்காக நீருக்குள் போன ஊர்களும் உண்டு. போசளர் காலத் தண்டநாயகன் பெயரால் வழங்கிய தணாயக்கன் கோட்டை அங்கேதான் மூழ்கியது. அணையில் நீர் வற்றும் ஆண்டுகளில் மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரியும்போது மக்கள் போய்ப் பார்த்து வருகிறார்கள். உங்கள் ஊரில் காடு வயலானதும், அங்கே வயல் ஏரியானதும் ஒரே வேலையின் இரு முனைகள். கல்லில் ஒரு வரியாவது அங்கே ஊரை இழந்தவர்களுக்காக இருக்கட்டும்.

மற்றபடி, ஊரில் எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். தண்ணீர் முதன்முதலாக வந்த நாளில் யார் எங்கே நின்று பார்த்தார்கள், அதற்கு முன் என்ன விதைத்தார்கள், அப்போது எத்தனை வீடு, எந்தக் கிணறு கோடையிலும் வற்றாமல் இருந்தது, நெல் நாற்று நடத் தெரியாதபோது அந்த வேலையை யாரிடம் கற்றார்கள் என்று கேட்டால் ஒரு கல் போதாது. விடைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இருவர் சொல்வதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; இருவரும் ஒத்துச் சொல்வதை மட்டும் கல்லில் வெட்டுங்கள். நன்கொடையாளர் பட்டியலைக் கல்லின் பின்பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு போகத்தில் நெல், இரட்டைப்படை மதகுகளுக்கு அடுத்ததில் புன்செய், மறு ஆண்டு மாற்றி என்று முறை வைத்துத்தான் இந்த வாய்க்காலில் நீர் விடுகிறார்கள். உங்கள் ஊரில் எந்த மாதம் நாற்று விடுவது, எந்தக் கோடையில் கடலை போடுவது என்பதையெல்லாம் இத்தனை ஆண்டுகளாகத் தீர்மானித்து வந்தது மதகின் எண்தான். ஊர்ப் பெயருக்குக் கீழே, இரண்டாவது வரியில், அந்த எண்ணைப் பொறியுங்கள்.