உள்ளியை அரைத்துக் கட்டினால் சேற்றுப்புண் மாறுமா?

சேற்றுப்புண்ணுக்குக் காரணமான பங்கசை (பூஞ்சையை) உள்ளி, அதாவது வெள்ளைப்பூண்டு, கொல்லும் என்று ஆய்வுகள் சொல்வதால், அரைத்துக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொல்வது உண்மைதான். ஆனாலும் கட்டாதீர்கள்.

எங்கள் ஊர் மட்டக்களப்பின் படுவான்கரை, வெல்லாவெளிக்குக் கிட்ட. பெரும்போகத்தில் மாரி மழையோடு அப்பா நாள் முழுக்க வயல் தண்ணிக்குள் நிற்பார். கால்விரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறி வெடித்துவிடும். அப்போது நான் உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு இரவு உள்ளியை இடித்து, துணி வைத்துக் கட்டிவிட்டேன். விடியப் பார்த்தால் கொப்புளம். அப்பாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) வேறு. அந்தப் புண் ஆற இரண்டு மாதம் எடுத்தது. இன்றும் நினைத்தால் மனம் கனக்கிறது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு தேடிப் படித்தேன். பங்கசைக் கொல்வது அலிசின் என்ற பொருள். முழு உள்ளிப் பல்லில் அது கிடையாது. இடிக்கும்போது அலியின் என்ற பொருள் ஒரு நொதியத்தோடு சேர்ந்துதான் அது உண்டாகிறது. பங்கசின் புரதங்களிலுள்ள கந்தகக் கூட்டங்களை அலிசின் தாக்கும். அதே கூட்டங்கள் நம் தோலின் புரதங்களிலும் உண்டு, அதனால் தோலும் வேகிறது. பங்கசுக்குப் பூசும் குளோட்ரிமசோல் கிரீம் வேலை செய்யும் விதம் வேறு. பங்கசின் மென்சவ்வுக்கு எர்கோஸ்டெரோல் என்ற கொழுப்புப் பொருள் வேண்டும், கிரீம் அது உருவாவதைத் தடுக்கிறது. நம் கலங்களில் இருப்பதோ கொலஸ்டெரோல்.

கறுவா, கராம்பு, வெற்றிலைச் சாற்றை ஆய்வுகூடத்தில் பங்கசு வளர்க்கும் ஏகார் தட்டில் வைத்தால், சுற்றிவரப் பங்கசு வளராத வளையம் தெரியும். அந்த வளையம் பொய்யில்லை. ஆனால் தட்டுக்கு வலிக்காது, கொப்புளம் போடாது.

உள்ளியிலிருந்து மருந்து செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1996இல் வெளிவந்த வெனிசுவேலா ஆய்வொன்றில், உள்ளியிலிருந்து கிடைக்கும் அஜோயீன் என்ற பொருளை 0.4 சதவீதக் கிரீமாக்கி, காலில் பங்கசு வந்த 34 பேருக்குப் பூசினார்கள். ஏழு நாளில் 27 பேருக்கு மாறியது. அந்த அளவை அம்மியில் யாரும் பிடிக்க முடியாது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? வயலால் வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஒற்றித் துடைத்துக் காயவிடுங்கள். கிரீமை வெள்ளை மறைந்ததும் நிறுத்த வேண்டாம், சொன்ன நாள்வரை பூசுங்கள். சீனி வருத்தம் உள்ளவரென்றால், எதையும் பூசுவதற்கு முன் கிளினிக்கில் காலைக் காட்டுங்கள்.